குழந்தைகளின் மனநலமும் ஆரம்ப சுகாதார நிலையமும்: கண்டறிந்த பிறகு யாரிடம் ஒப்படைப்பது?

பதிவு 1: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் (இழையைத் தொடங்கியவர்)

பதினோரு ஆண்டுகளாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொது மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். வயிற்றுவலி என்று தாயுடன் வந்த 13 வயதுச் சிறுமி ஒருத்திதான் இந்த இழையைத் தொடங்கக் காரணம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அதே வலிக்காக அவள் வருவது அது நான்காவது முறை. முந்தைய மூன்று சீட்டுகளிலும் இருப்பது என் கையெழுத்துதான். இரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாவற்றிலும் குறை ஒன்றும் இல்லை. ஒருமுறை பூச்சி மாத்திரையும் இருமுறை அமிலம் குறைக்கும் மருந்தும் எழுதியிருந்தேன். நான்காவது முறை வந்தபோதுதான், நான் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தாயே பதில் சொல்வதையும், அந்தப் பெண் தன் கைக்குட்டையின் ஓரத்தைப் பிரித்துக்கொண்டே இருப்பதையும் கவனித்தேன். ஐந்து நிமிடம் வெளியே அமருமாறு தாயைக் கேட்டுக்கொண்டேன். கதவைச் சாத்தியதும் அவள் சொன்ன முதல் வாக்கியம், "லீவு நாளில் வலிக்காது டாக்டர்" என்பது. பிறகு, மூன்று மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்றும், வகுப்பில் எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறது என்றும் சொன்னாள்.

வளரிளம் பருவத்தினரில், அதாவது 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களில், ஏழு பேரில் ஒருவருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்கிவிடுகின்றன. அப்படியானால் என் ஓ.பி. வரிசையில் நாள்தோறும் இப்படிப்பட்ட பிள்ளைகள் நிற்கிறார்கள்; தலைவலி என்றும் மயக்கம் என்றும் பசியில்லை என்றும் வேறு பெயர் சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிறகு என் கையில் இருந்தது, "மனநலப் பிரிவுக்கு அனுப்பப்படுகிறது" என்று எழுதிய ஒரு சீட்டு மட்டுமே. அதற்கு மேல் என்னைப் போன்றவர்கள் என்ன செய்ய முடியும், அதற்கு எங்களுக்கு என்னென்ன தேவை? இத்துறையில் இருப்பவர்களும் பெற்றோரும் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.

பதிவு 2: குழந்தைகள் மனநல மருத்துவர்

டாக்டர், முதல் மூன்று சீட்டுகளை நினைத்து நீங்கள் வருந்துவது தெரிகிறது. ஆனால், தாயை வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசும் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நாங்கள் பயிற்சி வகுப்புகளில் மணிக்கணக்காகக் கற்பிக்க முயல்கிறோம்.

எங்கள் துறையின் நிலையை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வசதி படைத்த நாடுகளிலேயே குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கப் பெற்றோர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒரு நிபுணர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால், எண்ணிக்கையைக் கூட்டியே இந்த வரிசையைக் கரைத்துவிடலாம் என்று நான் நம்பவில்லை. மிதமான பதற்றம், மிதமான மனச்சோர்வு, சிக்கலில்லாத கவனக்குறைவு, தூக்கக் கோளாறு, சிறு குழந்தைகளின் பிடிவாதமும் ஆத்திரமும் ஆகியவற்றை, துணைக்கு ஒருவர் இருந்தால், பொது மருத்துவரே கவனிக்கலாம். இல்லாத குரல்கள் கேட்பது, மனவெழுச்சி மாறி மாறி வருவது, உணவை முற்றாக மறுத்து எடை குறைவது, தற்கொலை முயற்சி போன்றவை எங்களிடம் உடனே வந்தாக வேண்டும்.

அந்தத் துணை எப்படி இருக்கலாம் என்பதற்கு மாசசூசெட்ஸில் 2004இல் தொடங்கிய குழந்தைகள் மனநலத் தொலைபேசி ஆலோசனைத் திட்டம் நல்ல உதாரணம். அங்கே குழந்தையைப் பார்க்கும் முதல்நிலை மருத்துவர் ஓர் எண்ணுக்கு அழைக்கிறார். பொதுவாக 30 நிமிடத்துக்குள் ஒரு குழந்தைகள் மனநல மருத்துவர் அவரோடு பேசுகிறார். தேவைப்பட்டால் நிபுணர் அந்தக் குழந்தையை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு, சிகிச்சைத் திட்டத்துடன் அதே மருத்துவரிடம் திருப்பி அனுப்புகிறார். குடும்பத்துக்கு ஆலோசகரைத் தேடித் தருவதற்குத் தனியாக ஓர் ஒருங்கிணைப்பாளரும் உண்டு. இதே முறையைப் பின்னர் அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டன.

அளவில் மிகச் சிறியதாக, எனக்குத் தெரிந்த சில மருத்துவர்களுடன் நானும் இப்படித் தொலைபேசியில் பேசி வருகிறேன். தொடக்கத்தில் ஒவ்வோர் அழைப்பும் இருபது நிமிடம் நீளும், "இந்தப் பையனை எங்கே அனுப்புவது?" என்பதுதான் கேள்வியாக இருக்கும். ஓராண்டுக்குப் பிறகு அதே மருத்துவர்கள் ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிறார்கள். "தூக்கம் சீராகிவிட்டது, பள்ளிக்கு வாரத்தில் மூன்று நாள் போகிறான், அடுத்து என்ன செய்யட்டும்?" என்று கேள்வி மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தை எந்த இரண்டு நாள் பயிலரங்கிலும் நான் கண்டதில்லை.

பதிவு 3: ஒரு தாய்

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. சீட்டு என்று டாக்டர் குறிப்பிட்டதால் எழுதுகிறேன்.

என் மகனுக்கு அப்போது 9 வயது. வகுப்பில் உட்கார மாட்டான். எழுதத் தொடங்கியதை முடிக்க மாட்டான். வீட்டில் சிறு சொல்லுக்கும் பொருள்களை வீசுவான். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் பெரிய மருத்துவமனைக்குப் போகும்படி எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு அவனுடைய தடுப்பூசி அட்டைக்குள் ஏழு மாதம் மடித்தபடியே இருந்தது. நான் அக்கறையில்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். "பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். ஒருநாள் துணிந்து அழைத்துப் போனேன். ஏதோ ஒரு படிவம் இல்லையென்று முன்பதிவு மேசையிலேயே திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போக மனம் வரவில்லை. போனீர்களா என்று எங்களை ஒருவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

காய்ச்சலுக்கும் இருமலுக்கும் எந்த அறைக்குள் போகிறோமோ அதே அறையில், அவன் பெயரைத் தெரிந்த அதே டாக்டர், "நான் பார்க்கிறேன், பதினைந்து நாள் கழித்து அழைத்து வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்த ஏழு மாதமும் வீணாகியிருக்காது. அந்த ஆண்டு அவன் படிப்பில் பின்தங்கியதைவிட, தன்னைக் கெட்ட பிள்ளை என்று அவனே நம்பத் தொடங்கியதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பதிவு 4: செவிலியர்

அம்மா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் எழுதியிருப்பது உங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. நடத்தைச் சிக்கல் உள்ள 5 முதல் 12 வயது வரையிலான 321 குழந்தைகளைக் கொண்டு அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து, 2014இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு அவர்கள் வழக்கமாகச் செல்லும் குழந்தைகள் மருத்துவமனையிலேயே ஆலோசனையும் பெற்றோர் பயிற்சியும் தரப்பட்டன. மற்றப் பிரிவினருக்கு வெளியே உள்ள மனநலச் சேவைகளுக்கு வழிகாட்டி அனுப்பினார்கள். முதல் பிரிவில் 99.4 விழுக்காட்டினர் சிகிச்சையைத் தொடங்கி, 76.6 விழுக்காட்டினர் முடித்தார்கள். வெளியே அனுப்பப்பட்டவர்களில் தொடங்கியவர்கள் 54.2 விழுக்காடு, முடித்தவர்கள் வெறும் 11.6 விழுக்காடு. அக்கறையில்லாத பெற்றோர் எல்லாரும் ஒரே பிரிவில் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? வழியில்தான் பழுது இருக்கிறது.

இரண்டாவதாக, தொடர்ந்து விசாரிப்பது. மனச்சோர்வுள்ள 13 முதல் 17 வயது வரையிலான 101 பேரை வைத்து 9 முதல்நிலை மருத்துவமனைகளில் செய்த இன்னோர் ஆய்வும் 2014இல் வந்தது. பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர் ஒருவர் குடும்பத்தோடு தொடர்பில் இருந்து, மனச்சோர்வு மதிப்பெண்ணைத் தவறாமல் கணக்கிட்டு, நிபுணர்களுடன் வாரந்தோறும் கலந்து பேசினார். பன்னிரண்டு மாத முடிவில், அவருடைய கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு நீங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கே நடந்தது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். முதல் வருகைக்குப் பிறகு மூன்றாம் நாள் அழைப்பேன். எடுத்தவுடன் நோயைப் பற்றிக் கேட்க மாட்டேன்; "நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்?" என்றுதான் பேச்சைத் தொடங்குவேன். இரண்டு முறை அழைத்தும் எடுக்காதவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதி, அந்தப் பகுதிக்குச் செல்லும் களப்பணியாளரிடம் சொல்லி அனுப்புவேன். பாதிப் பேராவது அப்படித் திரும்பி வந்தவர்கள்தான்.

ஆனால் ஒன்றை வெளிப்படையாகக் கேட்டாக வேண்டும். தடுப்பூசி, கர்ப்பிணிகள் பதிவேடு, சர்க்கரை, இரத்த அழுத்தம் எல்லாம் என் மேசையில்தான் இருக்கின்றன. இந்த வேலையையும் என்னிடம் தருபவர்கள், அவற்றில் எதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் பயிற்சிச் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டால், அந்த நோட்டு ஆறு மாதத்தில் நின்றுவிடும்.

பதிவு 5: குடும்ப மருத்துவர்

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுப்பாகச் சிலவற்றைச் சொல்கிறேன். எனக்கும் இந்தப் பிள்ளைகள் மீது அக்கறை உண்டு, அதனால்தான் தயங்குகிறேன்.

ஒரு நோயாளிக்கு எனக்குக் கிடைப்பது ஐந்தாறு நிமிடம். அதற்குள், பிள்ளையின் மனநலச் சிக்கலைக் கண்டறிய உதவும் 35 கேள்விகள் கொண்ட வினாத்தாளைப் பெற்றோரிடம் கொடுத்து நிரப்பச் சொல்வதும், மதிப்பெண் போடுவதும் ஒருவேளை நடக்கலாம். ஆனால், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிக் கேட்கும் ஒன்பது கேள்வி மனச்சோர்வு வினாத்தாளை ஒரு பெண்ணிடம் கொடுக்கிறேன். சாவைப் பற்றிய ஒன்பதாவது கேள்விக்கு அவள் "ஏறத்தாழ தினமும்" என்று குறித்துவிடுகிறாள். மாலை ஏழு மணிக்கு, வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது, நான் என்ன செய்வேன்? அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2009இல் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வுப் பரிசோதனையைப் பரிந்துரைத்தபோது, நோயைத் துல்லியமாக உறுதிசெய்யவும் உளவியல் சிகிச்சை தரவும் தொடர்ந்து கண்காணிக்கவும் ஏற்பாடு இருந்தால் மட்டுமே என்று நிபந்தனை வைத்தது. 2016இல் பரிந்துரையைப் புதுப்பித்தபோதும் அந்த எச்சரிக்கையைக் கைவிடவில்லை. ஏற்பாடு இல்லாத இடத்தில் வினாத்தாளை மட்டும் கொண்டுவந்தால், ஒரு பிள்ளையிடம் "உன் வேதனை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் கையை விரிப்பதாகிவிடும்.

இன்னோர் அச்சமும் உண்டு. நேரமில்லாத மருத்துவரின் கையில் மிக எளிதாக வருவது மருந்துச் சீட்டு. வருத்தமாக இருக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மாத்திரை எழுதும் நிலைக்கு நாம் போய்விடக் கூடாது.

பதிவு 6: குழந்தைகள் மனநல மருத்துவர்

டாக்டர், ஏற்பாடு இல்லாமல் வினாத்தாள் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம்தான். தொலைபேசி எண்ணையும் செவிலியரின் நோட்டையும் முதலில் தயார் செய்யுங்கள். வினாத்தாள் அடுத்த மாதம் வரலாம்.

மாலை ஏழு மணிக் கேள்வியை விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் பலரைக் கேட்கவே விடாமல் தடுப்பது இந்த அச்சம்தான். முதலில், தற்கொலையைப் பற்றிக் கேட்பதால் அந்த எண்ணம் பிள்ளையின் மனத்தில் புதிதாக விதைக்கப்படுவதில்லை என்பதை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் உறுதி செய்திருக்கின்றன. பெற்றோரை வெளியே அனுப்பிவிட்டு நேராகவே கேளுங்கள்: இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா? மூன்று கேள்விகளுக்கு இரண்டு நிமிடம் போதும். இந்த நொடியிலும் எண்ணமும் திட்டமும் இருந்தால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாமல், துணையோடு அவசர சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் எண்ணம் வந்து போகிறது, திட்டம் ஏதும் இல்லை என்று சொல்லும் பிள்ளைகளும் பலர். அப்போது பெற்றோரை உள்ளே அழைத்து, வீட்டில் உள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் இன்றிரவே பூட்டிவைக்கச் சொல்லுங்கள். மனம் கனக்கும்போது முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்று அந்தப் பிள்ளையே தன் கையால் ஒரு தாளில் எழுதட்டும். மறுநாள் செவிலியர் அழைப்பார் என்று அவள் முன்னாலேயே சொல்லி, அப்படியே அழைக்கவும் செய்யுங்கள்.

மருந்தைப் பற்றி. மனச்சோர்வுள்ள 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரைக் கொண்டு நடந்து 2004இல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் ஃபுளூயாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தும், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம் இருந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 61, பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 43, மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. எனவே மருந்துக்கு இடம் உண்டு. அதே 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இவ்வகை மருந்துகள் இளம் வயதினரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டக்கூடும் என்று மருந்துக் குறிப்பில் கட்டமிட்டு அச்சிட வேண்டிய எச்சரிக்கையை அறிவித்தது. ஆய்வுகளில் மருந்து பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரிடமும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 2 விழுக்காட்டினரிடமும் அந்த எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது, யாரும் இறக்கவில்லை. முதல் சில வாரங்கள் அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதே இதற்குப் பொருள். நிபுணர் அல்லாதோருக்காக உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி, 12 வயதுக்குக் கீழ் மனச்சோர்வுக்கு மாத்திரையே வேண்டாம் என்கிறது. அதற்கு மேற்பட்ட வயதிலும் பேச்சுச் சிகிச்சை பலன் தராதபோது, நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே என்கிறது. நீங்கள் அஞ்சும் மருந்துச் சீட்டைத் தடுப்பதற்கும் அந்தத் தொலைபேசி அழைப்பே உதவும். என்னை அழைக்கும் மருத்துவர்களில் பலரிடம் நான் சொல்லும் பதில், "இப்போதைக்கு மருந்து வேண்டாம்" என்பதே.

பதிவு 7: பள்ளி ஆலோசகர்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாணவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "இதை யாரிடம் சொல்வீர்கள்?" என்பதுதான். உயிருக்கு ஆபத்து என்றாலோ யாராவது அவர்களைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன், மற்றவை நமக்குள் இருக்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. மருத்துவர்கள் பள்ளிக்குத் தரும் கடிதத்தில் நோயின் பெயரை எழுதாமல், "வாய்மொழித் தேர்வுக்குத் தனியறை தரவும்" என்பதுபோலத் தேவையை மட்டும் எழுதினால், அந்தப் பிள்ளை வகுப்பில் தலைநிமிர்ந்து உட்காரும்.

பதிவு 8: குடும்ப மருத்துவர்

மாலை ஏழு மணிக்கு என்ன செய்வது என்பதற்கு எனக்கு இப்போது பதில் இருக்கிறது, நன்றி. நேரத்தைப் பற்றிய என் தயக்கம் இன்னும் தீரவில்லை. ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ஐந்து நிமிடத்தில் ஒரு பிள்ளையின் பேச்சைக் கேட்டு முடிக்க முடியாது. இதற்கு மருத்துவமனை நடத்துபவர்களும் ஊதியம் தருபவர்களும் தனி நேரத்தை ஒதுக்கித்தர வேண்டும் என்பதை இந்த இழையைப் படிக்கும் நிர்வாகிகள் குறித்துக்கொள்ளட்டும்.

பதிவு 9: ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. அந்தச் சிறுமியைப் பற்றி முதலில் சொல்கிறேன். இழையில் எழுதிய குழந்தைகள் மனநல மருத்துவர் தனிச்செய்தியில் தன் எண்ணைத் தந்தார். அவள் பெயரைச் சொல்லாமல் நாங்கள் பதினெட்டு நிமிடம் பேசினோம். மருந்து எதுவும் வேண்டாம் என்று முடிவானது. எந்தப் பாடவேளை மிகக் குறைவாகப் பயமுறுத்துகிறது என்று அவளையே வரிசைப்படுத்தச் சொன்னேன். ஓவிய வகுப்பு என்றாள். முதல் வாரம் அந்த வகுப்பு வரை மட்டும் பள்ளியில் இருந்தாள். அடுத்த வாரம் ஒரு பாடவேளை கூடியது. "வலிக்கிறது என்றால் வீட்டிலேயே இரு" என்று சொல்வது பயத்தை வளர்க்கும் என்பதைத் தாய்க்கு விளக்க இரண்டு வருகை தேவைப்பட்டது. வலி முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் நேற்று வந்தபோது, நான் கேட்பதற்கு முன்பே தாய் எழுந்து வெளிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வாரத்தில் ஒரு பிற்பகலை, ஓ.பி. முடிந்த பின் இரண்டு மணி நேரம், இவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். வாசலில் தனிப் பலகை எதுவும் வைக்கவில்லை. அந்தத் தாயின் பதிவைப் படித்தபின் அதில் உறுதியாக இருக்கிறேன். வினாத்தாளை இன்னும் தொடங்கவில்லை. அதற்கு முன் நோட்டு வேண்டும். செவிலியர் அம்மா, உங்கள் நோட்டில் என்னென்ன பத்திகள் இருக்கின்றன என்று எழுத முடியுமா?

பதிவு 10: செவிலியர்

தாராளமாக, டாக்டர். பிள்ளையின் எண், வயது, முதலில் எந்த வலியைச் சொல்லி வந்தார், அழைத்த நாள், எடுத்தது யார், தூக்கம், பள்ளிக்குப் போன நாள்கள், மதிப்பெண் போட்டிருந்தால் அது. பெயரை நோட்டில் எழுதுவதில்லை. எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் பூட்டிய அலமாரியில் தனியாக இருக்கிறது, தொடர்பு கிடைக்காதவர்களின் பெயரைச் சிவப்பு மையில் குறிப்பதும் அந்தப் பட்டியலில்தான். கடைசிப் பத்தி, அடுத்து யார், எந்த நாளில் அழைக்க வேண்டும் என்பது. அது காலியாக இருந்தால் அன்று மாலை வீட்டுக்குப் புறப்படும் முன் நிரப்பிவிடுவேன். உங்கள் நிலையத்துச் செவிலியரிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். அவருக்குச் சந்தேகம் இருந்தால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.